குப்பைக் கட்டணத்தை ஏற்றினால் முதலில் எடைச் சீட்டைக் கேளுங்கள்

"டீசல் விலை ஏறிவிட்டது, கூலி ஏறிவிட்டது, அடுத்த மாதம் முதல் குப்பைக் கட்டணம் 10 விழுக்காடு கூடும்" என்று ஒரு பக்கக் கடிதம் வந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். எங்கள் குடியிருப்பில் குப்பை எடுக்கும் ஒப்பந்ததாரர் கொடுத்ததும் இதே மாதிரிக் கடிதம்தான். கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது அந்த 10 விழுக்காடு வெறும் மேல்பூச்சு என்று தெரிந்தது.

முதலில் நடைகளை எண்ணுங்கள். தினமும் வந்த வண்டி சத்தமில்லாமல் ஒன்றுவிட்டு ஒருநாள் வருவதாக மாறியிருக்கும். மாதம் 30 நடை 15 ஆகிவிட்டது, பணமோ 110 விழுக்காடு. அப்படியென்றால் ஒரு நடைக்குக் கொடுப்பது முன்பைவிட 2.2 மடங்கு. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

அடுத்தது தொட்டி. நான்கு 240 லிட்டர் தொட்டிகளை எடுத்துவிட்டு ஒரு 1100 லிட்டர் தொட்டியை வைப்பார்கள். பழைய கொள்ளளவு 960 லிட்டர். குப்பை அதேதான், ஆனால் கொள்ளளவுக் கணக்கில் பில் போட்டால் கிட்டத்தட்ட 15 விழுக்காடு கூடுதல். பாதி நிறைந்த தொட்டியையும் முழுத் தொட்டியாகவே எழுதுவார்கள் என்பதால், தூக்கும் நேரத்தில் எவ்வளவு நிறைந்திருந்தது என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

டீசல் விலை காரணம் பெரும்பாலும் பாதிதான் உண்மை. மொத்தச் செலவில் எரிபொருளின் பங்கு 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். டீசல் 10 விழுக்காடு ஏறினால் கட்டணம் ஏற வேண்டியது வெறும் 2 விழுக்காடு. எந்தத் தேதி விலையை அடிப்படையாக வைத்தார்கள், விலை இறங்கியபோது கட்டணத்தைக் குறைத்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

பெரிய ஓட்டை எடையில்தான். லாரியைக் குப்பையோடு ஒருமுறையும், கொட்டிய பிறகு காலியாக ஒருமுறையும் எடைமேடையில் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குப்பையின் எடை. சீட்டில் வண்டி எண், தேதி, மொத்த எடை, காலி எடை, இரண்டு எடைக்கும் தனித்தனி நேரம் இருக்க வேண்டும். இரண்டு நேரமும் ஒன்றாக இருந்தால் அன்று காலி வண்டியை எடைபோடவே இல்லை என்று அர்த்தம். என்றோ பதிந்த பழைய எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அந்த எண் உண்மையைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைவு முழுக்க ஒவ்வொரு நடையிலும் நம் தலையில் விழும். அதே லாரி வழியில் கடைகளிலும் குப்பை ஏற்றியதா என்றும் பாருங்கள். திறந்த வண்டியில் மழை பெய்தால் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம். சமையலறைக் குப்பையே பெரும்பகுதி தண்ணீர்தான்.

சரிபார்ப்பது கடினமில்லை. 20 வீடுகளின் குப்பையைத் தொங்கு தராசில் 7 நாள், விடுமுறை நாளையும் சேர்த்து, நிறுத்துப் பாருங்கள். வீட்டுக்குச் சராசரி 2 கிலோ வந்தால் 200 வீட்டுக்கு நாளைக்கு 400 கிலோ, மாதம் 12 டன். பில்லில் 18 டன் இருந்தால் மீதி 6 டன் யாருடையது?

வீட்டில் நாம் தரம் பிரித்துக் கொடுப்பதை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதுதான் என்னால் பொறுக்கவே முடியாதது. பிரித்தெடுக்கும் சேவைக்கும் பணம் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் கிடங்கில் கொட்டி அதற்கும் பணம் வாங்குகிறார்கள். வண்டியில் மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனி அறை இருக்கிறதா என்று பின்கதவு திறக்கும்போது பாருங்கள். அட்டை, பிளாஸ்டிக், உலோகம் விற்ற பணம் பில்லில் கழிகிறதா என்றும் கேளுங்கள்.

"குப்பையைக் குறைத்தால் கட்டணம் குறையும்" என்ற வாக்குறுதியையும் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். தென் கொரியாவில் 1995 முதல், விலை கொடுத்து வாங்கும் குறிப்பிட்ட பைகளில்தான் குப்பை போட வேண்டும். குறைவாகப் போடும் வீடு குறைவாகவே செலவழிக்கிறது. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் 'குறைந்தபட்ச டன்' என்ற ஷரத்து இருந்தால், எவ்வளவு குறைத்தாலும் அந்த டன்னுக்கான பணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

கோபத்தில் கட்டணத்தை முழுசாக நிறுத்தாதீர்கள். நிலுவையும் தண்டமும் ஏறியதும் பேச்சு எடைச் சீட்டிலிருந்து உங்கள் பாக்கிக்குத் திரும்பிவிடும். விதி அனுமதித்தால் பழைய கட்டணத்தை மட்டும், "ஆட்சேபனையுடன் செலுத்துகிறோம்" என்று எழுதிக் கட்டுங்கள். மனுவில் கடைசி மூன்று மாத எடைச் சீட்டுகள், நடைப் பதிவேடு, ஒப்பந்த நகல், கட்டணக் கணக்கீடு ஆகியவற்றைக் கேட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வீடு வீடாகத் தனித்தனியாகக் கொடுப்பதைவிட எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்திடுவது நல்லது.

குப்பை அள்ள வருகிறவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள், கட்டணத்தை நிர்ணயிப்பது அவர்கள் இல்லை. கூலி உயர்வைக் காரணம் காட்டியிருந்தால், அந்த உயர்வு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சம்பளப் பதிவையும் மனுவில் சேர்த்துக் கேளுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதியைத் தெரிந்துகொண்டு, மூன்று மாதம் முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்தான பிறகு ஒரு ஷரத்தை மாற்றுவதுகூடப் பெரும்பாடு.