ராணுவம் கழித்த பெர்கன் பை: ஒரு வருடம் தூக்கிய பிறகு

பிரிட்டிஷ் ராணுவம் கழித்துவிட்ட பெர்கன் முதுகுப் பை ஒன்றை உபரிச் சாமான் விற்கும் கடையில் வாங்கி ஒரு வருடமாகிறது. மழை, சேறு, மலை என்று எல்லா இடத்துக்கும் தூக்கிப் போயிருக்கிறேன், இன்னும் ஒரு தையல்கூட விடவில்லை. தாராளமாக வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள்.

முதலில் முதுகு அளவு. லாங் பேக் (நீள முதுகு), ஷார்ட் பேக் (குட்டை முதுகு) என்று இரண்டு வரும். நான் கேட்டது லாங், கடைக்காரர் அனுப்பியது ஷார்ட், மாட்டிப் பார்த்தால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிட்டது, மொத்தக் கனமும் தோளில் இறங்கிப் பத்து நிமிடத்தில் உயிர் போனது. மாற்றி வாங்க மூன்று வாரம். அப்புறம் உள்பக்கம். தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய பூச்சு பழசானால் உரியும், விரலால் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுத்தாலோ செதிலாக வந்தாலோ வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பக்கப் பைகள். ஜிப்பைக் கழற்றினால் இரண்டும் தனியாக வந்துவிடும், தோளில் மாட்டும் வார் மட்டும் தனியாக வாங்கி இரண்டையும் சேர்த்து மாட்டினால் ஒரு நாள் நடைக்குச் சின்னப் பை தயார். உள்ளே லேபிளில் நேட்டோ எண் (நேட்டோ கூட்டணி நாடுகள் ராணுவச் சரக்குக்குக் கொடுக்கும் எண்) 13 இலக்கம் இருக்கும், அதில் ஐந்தாவதும் ஆறாவதும் 99 என்றால் பிரிட்டன் கணக்கில் பதிவான சரக்கு. போலி நிறைய வருகிறது, அதனால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இவ்வளவு நல்ல பை ஏன் வெளியே வந்தது? 2010 முதல் ராணுவம் டிபிஎம் என்ற பழைய மறைவண்ணத்தை (சுற்றுப்புறத்தோடு கலந்து மறைய உதவும் நிறவடிவம்) விட்டு எம்டிபி என்ற புது மறைவண்ணத்துக்கு மாறியது. பழைய நிறப் பை உண்மையிலேயே மிஞ்சிய பொருள், அதை விற்றுக் கிடைக்கிற காசு கொஞ்சமே என்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை. விற்றால் இப்படிப்பட்டதைத்தான் விற்க வேண்டும். 1996ல் பிரிட்டிஷ் ராணுவத் துறையில் என்ன செய்தார்கள்? சிப்பாய்களின் குடும்பங்களுக்கான 57,000க்கும் மேற்பட்ட வீடுகளை அன்னிங்டன் என்ற தனியார் கம்பெனிக்குச் சுமார் 166 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, அந்த வீடுகளையே வாடகைக்கு எடுத்தார்கள், பழுது பார்க்கும் பொறுப்பும் ராணுவத் துறையிடமே நின்றது. வந்த பணத்தில் வீடுகளை மேம்படுத்த ஒதுக்கியது 10 கோடி. கடைசியில் 2025 ஜனவரியில் 36,000 சொச்சம் வீடுகளைத் திரும்ப வாங்கக் கிட்டத்தட்ட 600 கோடி பவுண்டு கொடுத்தார்கள். ஆள் குடியிருக்கிற வீடு எப்படி உபரியாகும்? இடைப்பட்ட வருடங்களில் அந்த வீடுகளில் ஈரச் சுவரும் பூஞ்சையுமாகப் பிள்ளை வளர்த்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, பைக்கு வருகிறேன். பக்கப் பைகளோடு சுமார் 120 லிட்டர் பிடிக்கும், காலியாக இருக்கும்போதே கனம்தான். இரண்டு மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்குபவர்களுக்கு இது சரி, ஊருக்குப் போய்வர இந்தப் பை வேண்டாம்.