விர்கோ ஃபோர் இசைத்தட்டு தேடுகிறவர்கள் கவனிக்கவும்

சிகாகோவைச் சேர்ந்த எரிக் லூயிஸ், மெர்வின் சாண்டர்ஸ் இருவரும் விர்கோ ஃபோர் என்ற பெயரில் செய்த ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசையைத் தேடி அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன். போலித் தட்டு ஒன்றுக்கு 42 யூரோ கொடுத்து ஏமாந்துவிட்டேன்.

1989இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தை ஆம்ஸ்டர்டாமின் ரஷ் ஹவர் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் 2010இல் மறுபடி வெளியிட்டது. அடுத்த வருடமே, அதுவரை வெளிவராமல் கிடந்த அவர்களுடைய பழைய பதிவுகளை 'ரெஸரக்‌ஷன்' என்று கொண்டுவந்தது. நான் தேடியது 2010 பதிப்பை. "பிரிக்காதது" என்று ஒருவர், இசைத்தட்டுகள் வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் விற்பனைக்குப் போட்டிருந்தார். விசாரித்தபோது, தளத்தில் கமிஷன் பிடிக்கிறார்கள், நண்பருக்கு அனுப்புவதுபோல பேபாலில் நேராக அனுப்பினால் 4 யூரோ குறைக்கிறேன் என்றார். அப்படி அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தும் ஆசையில் அனுப்பினேன்.

தட்டு வந்தது. உறையில் எழுத்தெல்லாம் கலங்கியிருந்தது. ஸ்கேன் செய்து அச்சடித்திருக்கிறார்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்க வேண்டிய எண் இல்லை. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று ஊசியை வைத்தேன். ஹை-ஹாட் என்னும் டிரம் தாளத் தட்டின் கூர்மையே போய், தண்ணீருக்குள் சலசலப்பதுபோல் இருந்தது. கணினியில் பதிவுசெய்து பார்த்தால், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தட்டின் உரசலைத் தவிர இசை எதுவும் இல்லை, கத்தியால் நறுக்கியதுபோல. ஒலியைச் சுருக்கிய எம்பி3 கோப்பிலிருந்து அடித்த தட்டு.

விற்றவரிடம் கேட்டேன். "பழைய டேப் பதிவு, அப்படித்தான் கேட்கும்" என்றார். பணம் போனதைவிட இந்தப் பதில்தான் வலித்தது. டேப்பின் இரைச்சல் பாட்டுக்கு அடியில் தூறல்போலச் சீராக ஓடும், சிந்தசைசர் ஓய்ந்த இடத்திலும் கேட்கும். எம்பி3 சிதைவு ஓசையோடு வந்து ஓசையோடு போகும். லூயிஸும் சாண்டர்ஸும் செய்த வேலையையே தன் திருட்டுக்குப் போர்வையாக்கிவிட்டார். அவர்களுக்கு இதில் ஒரு காசு போயிருக்காது.

வாங்கும் முன் அந்த வெற்று வளையத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிஸ்காக்ஸில் அந்தப் பதிப்புக்குக் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். படம் தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். அங்கே போலிகளை விற்க அனுமதி இல்லை. அதனால்தான் நம்மைத் தனிச்செய்திக்கு இழுக்கிறார்கள்.

பணம் திரும்பவில்லை. அந்தத் தட்டு இன்னொருவர் கைக்குப் போகக்கூடாது என்று இரண்டு லேபிளிலும் 'போலி' என்று மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.