பாக்ஸ்டரின் அடியில் சொட்டிய எண்ணெயும் மாற்றப்படாத ஆயில் சீலும்

பழைய போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை வாங்கும் எண்ணத்தில் இருக்கும் இங்கிலாந்துவாழ் நண்பர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். காரின் விலை போக, இந்த ஒரு எண்ணெய்க் கசிவுக்காக மட்டும் ஏறத்தாழ 2,900 பவுண்டு செலவழித்தேன். அதில் 940 பவுண்டு, செய்யவே செய்யாத ஒரு வேலைக்காகக் கொடுத்தது.

2023 மே 13 அன்று, 2003-ஆம் ஆண்டு பாக்ஸ்டர் எஸ் ஒன்றை 7,800 பவுண்டுக்கு ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில் வாங்கினேன். பணம் முழுவதையும் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினேன். இருபது வயதான காரின் அடிப்பாகம் நேற்றுத்தான் கழுவியதுபோல் துடைத்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்து, நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். உண்மையில் என்னை எச்சரித்திருக்க வேண்டியது அந்தச் சுத்தம்தான். காரின் எண்ணை இட்டால் அதன் எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாறு முழுவதையும் அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கடைசிச் சான்றிதழ் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். பின்னர் பார்த்தபோது, இரண்டு ஆண்டுகளில் ‘எண்ணெய்க் கசிவு உண்டு, அளவுக்கு மீறியதல்ல’ என்ற குறிப்பு இருந்தது. கடைசிச் சான்றிதழிலோ, அடித்தகடுகள் மறைப்பதால் சில பாகங்களைப் பார்க்க இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். கசிவு நின்றுவிட்டது என்பதற்கும் கசிவைப் பார்க்க முடியவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு வரியே சொல்லியிருக்கும்.

கார் கைக்கு வந்து 24-ஆவது நாள், பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால், நடுவில், தரையில் ஒரு பென்னி அளவுக்குக் கறை தெரிந்தது. விற்பனை நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். “இந்த எஞ்சின் எல்லாமே கொஞ்சம் வேர்க்கும் சார், இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள், கூடினால் நாங்களே ஏற்பாடு செய்து தருகிறோம்” என்ற பொருளில், மிகவும் கனிவாகப் பேசினார்கள். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெற 30 நாள் அவகாசம் உண்டு. அந்தக் கனிவான பேச்சில் மீதமிருந்த ஆறு நாட்களும் கழிந்துவிட்டன.

‘வேர்க்கும்’ என்பது முழுப் பொய்யல்ல. அதனால்தான் அது ஆபத்தானது. எம்96 என்ற இந்த எஞ்சின் குடும்பத்தில் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் ஃப்ளைவீல் பக்கத்து, அதாவது கியர்பாக்ஸ் பக்கத்து, ஆயில் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்; பெயர் ரியர் மெயின் சீல்) கசிவது நெடுங்காலமாக அறியப்பட்ட குறை. அது மட்டும் என்றால், மாதத்துக்குச் சில சொட்டுகள் விழுவதால் எஞ்சின் கெட்டுவிடாது. எட்டு லிட்டருக்கு மேல் எண்ணெய் கொள்ளும் எஞ்சின் அது. அளவைப் பார்த்துக்கொண்டு, அடுத்த முறை கிளட்ச் மாற்றும்போது சீலையும் மாற்றிவிடலாம். ஆனால் அந்த சீலுக்கு நேர் கீழே, அதே முகப்பில், ஐ.எம்.எஸ். எனப்படும் இடைத்தண்டின் மூடி இருக்கிறது. அதற்கும் ஒரு சீல் உண்டு. இரண்டில் எது கசிந்தாலும், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் ஒரே இடத்திலிருந்துதான் சொட்டும். மூடிக்கு உட்புறம், அந்தத் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் உடைந்தால், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைக் காக்கும் டைமிங் செயின் நிலைகுலைந்து, வால்வுகள் பிஸ்டன்களில் மோதி, எஞ்சினே போய்விடும். மாற்று எஞ்சினின் விலையோ காரின் விலையைத் தாண்டும். இந்த பேரிங் தொடர்பாக, 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கில் 2013-இல் சமரசம் எட்டப்பட்டது. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் இந்த இடைத்தண்டே கிடையாது. ஆகவே, எவ்வளவு சொட்டுகிறது என்பதைவிட எங்கிருந்து சொட்டுகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் எழுப்பவில்லை, நானும் எழுப்பவில்லை.

ஆகஸ்டில் கசிவு கூடியது. விற்பனை நிலையம் தனக்குப் பழக்கமான ஒரு பட்டறைக்கு என்னை அனுப்பியது. ‘கியர்பாக்ஸ் இறக்கி, ரியர் மெயின் சீல் மாற்றப்பட்டது’ என்ற பில்லுடன் இரண்டு நாளில் கார் திரும்பி வந்தது. 940 பவுண்டை கிரெடிட் கார்டில் கட்டினேன். பழைய சீலைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் அதே இடத்தில் அதே கறை விழுந்தது.

இந்த முறை போர்ஷே வேலை மட்டுமே செய்யும் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் காரை லிஃப்ட்டில் ஏற்றியதும் டார்ச்சைப் பிடித்து என்னை அழைத்துக் காட்டினார். கியர்பாக்ஸை இறக்க வேண்டுமானால் அதோடு இணைந்திருக்கும் இரண்டு அச்சுத்தண்டுகளையும் முதலில் கழற்றியாக வேண்டும். அந்த போல்ட்டுகளின் தலைக்குழிகளில் பல ஆண்டு மண்ணும் எண்ணெயும் கலந்து கெட்டித்துப்போய் நிறைந்திருந்தன; ஒரு கூரான ஊசியால் அவர் சுரண்டி எடுத்த பிறகுதான் கருவியே உள்ளே நுழைந்தது. இரண்டு மாதத்துக்கு முன் கழற்றி மாட்டிய போல்ட் அப்படி இருக்காது. கியர்பாக்ஸ் இறங்கியதும் மிச்ச சந்தேகமும் தீர்ந்தது. இப்போது வரும் சீல் டெஃப்ளான் உதடு கொண்டது, எண்ணெய் தடவாமல் உலர்ந்த நிலையிலேயே பொருத்த வேண்டியது. என் எஞ்சினில் இருந்தது பழைய வகை ரப்பர் சீல். அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. அந்தப் பழைய சீலின் சுற்றுப்புறம் உலர்ந்தே கிடந்தது. எண்ணெய் வந்துகொண்டிருந்தது கீழே இருந்த ஐ.எம்.எஸ். மூடியிலிருந்து. பட்டறை பில்லில் எழுதிய வேலையை நேர்மையாகச் செய்திருந்தாலும் கசிவு நின்றிருக்காது.

அவர் ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தார், உலோகத்தூள் இல்லை. அது இருந்திருந்தால் புது பேரிங் போடுவதே வீண் என்று சொன்னார். பேரிங்கைக் கையில் சுழற்றியபோது இலேசான நெருடல் தெரிந்தது. பேரிங், இரண்டு சீல்கள், கிளட்ச், ஃப்ளைவீலுக்குப் புதிய போல்ட்டுகள் எல்லாம் சேர்த்து 1,980 பவுண்டு ஆயிற்று. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் கேட்காமலேயே ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார். வேலை நடக்கும்போதே படங்களையும் அனுப்பிக்கொண்டிருந்தார். உங்கள் காருக்கு இந்த வேலையைக் கொடுக்கும்போது, இந்த இரண்டையும் வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சீலின் விலை மிகச் சிறியது. நாம் கொடுப்பது கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி. இறக்கினார்களா என்பதை நாம் பார்க்காவிட்டால், பில்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பட்டறைக்குக் கொடுத்த 940 பவுண்டு திரும்பி வந்துவிட்டது. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்கோ வேலைக்கோ கிரெடிட் கார்டில் கட்டினால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. புதிய மெக்கானிக்கின் அறிக்கையையும் படங்களையும் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். வங்கி வழியாக அனுப்பிய காரின் விலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முதல் ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்ட குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும் என்ற சட்டவிதியைச் சுட்டி, 1,980 பவுண்டை விலையில் கழித்துத் தருமாறு விற்பனை நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். இரண்டும் கையெழுத்திட்டுப் பெறப்பட்டிருக்கின்றன. பதில் வரவில்லை, சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.