சீனக் கணக்கைச் சேர்ந்து பார்ப்பது எங்கே? ஐ.எம்.எஃப், ஓ.இ.சி.டி, ஆம்ரோ

சீனப் பொருளாதாரத்தை ஒரு நாடு தனியாக உட்கார்ந்து ஆராய்வது கஷ்டம். ஆளும் போதாது, தகவலும் முழுசாகக் கிடைக்காது. அதனால் அரசுகள் கூட்டாகச் செய்கின்றன. அதற்கு முக்கியமாக மூன்று இடங்கள் உண்டு: வாஷிங்டனில் ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்), பாரிஸில் ஓ.இ.சி.டி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு), சிங்கப்பூரில் ஆம்ரோ (கிழக்காசிய நாடுகளின் பொருளாதாரக் கண்காணிப்பு அலுவலகம்). இவற்றில் நான் முதலில் பார்ப்பது, அங்கே சீனா உறுப்பினரா இல்லையா என்பதைத்தான். மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

ஐ.எம்.எஃப்-இல் சீனா உறுப்பினர். ஓட்டு சுமார் 6 சதவீதம். வருடாந்திர ஆலோசனைக்காக நிதியத்தின் குழு பெய்ஜிங் போய் மத்திய வங்கி, நிதி அமைச்சக அதிகாரிகளோடு நேரில் பேசுகிறது. இந்தக் கதவு வேறு யாருக்கும் இவ்வளவு திறப்பதில்லை. பலன் அறிக்கையிலேயே தெரியும். சமீப வருடங்களில் சீன அரசு சொல்லும் பட்ஜெட் பற்றாக்குறை ஜி.டி.பி-யில் 3, 4 சதவீதம். உள்ளூர் அரசுகள் தனி நிறுவனங்களை வைத்து வாங்கும் கடனையும் சேர்த்து நிதியம் போடும் கணக்கில் அது 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்தக் கடனை இப்படிச் சேர்ப்பதைத் தாங்கள் ஏற்கவில்லை என்று சீன அதிகாரிகள் சொன்னதும் அதே அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. இரண்டு தரப்பையும் ஒரே இடத்தில் படிக்க முடிவது பெரிய விஷயம்.

ஆனால் உறுப்பினர் முரண்டு பிடித்தால் வேலை நின்றுவிடும். 2007 ஜூனில் நாணய மாற்று விகிதத்தைக் கண்டிப்பாக மதிப்பிட நிதியம் புது விதி கொண்டுவந்தது. சீனா அதை எதிர்த்தது. 2007, 2008 இரண்டு வருடமும் சீனாவுடனான ஆலோசனை முடிவுக்கு வரவில்லை. 2009 ஜூலையில்தான் முடிந்தது. சீன நாணயமான யுவானின் மதிப்பைப் பற்றி உலகமே கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

ஓ.இ.சி.டி-யில் 38 நாடுகள், சீனா இல்லை. சீனா பற்றிய அதன் முதல் பொருளாதார ஆய்வறிக்கை 2005-இல் வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மானியக் கணக்கு. 2019-இல் வந்த அலுமினிய ஆய்வு 17 நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, 2013 முதல் 2017 வரை அவற்றுக்குக் கிடைத்த அரசு ஆதரவு 7,000 கோடி டாலர் வரை இருக்கும் என்று காட்டியது. சீனாவிலும் வளைகுடா நாடுகளிலும் அது குறிப்பாக அதிகம். அரசுகள் தராத தகவலை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலிருந்து எடுத்தார்கள். இந்த நிதிநிலையில் இருக்கும் கம்பெனிக்குச் சந்தையில் என்ன வட்டிக்குக் கடன் கிடைக்கும், உண்மையில் என்ன வட்டி கட்டியது என்று பார்ப்பது. அந்த வித்தியாசமும் மானியம்தான். இதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

குறை என்னவென்றால், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் சீனாவுக்கு இல்லை. உருக்கு விஷயத்தில் இதைப் பார்த்தோம். தேவைக்கு மேல் குவிந்துவிட்ட உருக்கு உற்பத்தித் திறனைப் பற்றிப் பேச, ஜி20 சொல்லி ஓ.இ.சி.டி உதவியோடு 2016-இல் தொடங்கிய உருக்கு உபரித்திறன் மன்றத்தில் சீனாவும் உட்கார்ந்து உற்பத்தித் திறன் தகவலைப் பகிர்ந்தது. 2019 கடைசியில் மன்றத்தின் காலத்தை நீட்டிக்கச் சம்மதிக்காமல் விலகிவிட்டது. உலக உருக்கில் பாதிக்கு மேல் தயாரிக்கும் நாடு இல்லாமல் மன்றம் நடக்கிறது.

ஆம்ரோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆசியான் நாடுகள், சீனா, ஜப்பான், தென்கொரியா சேர்ந்து 2011-இல் தொடங்கியது. 2016-இல் சர்வதேச அமைப்பானது. பின்னால் இருப்பது, நெருக்கடியில் இந்த நாடுகள் ஒன்றுக்கொன்று டாலர் கொடுத்து உதவும் 24,000 கோடி டாலர் சியாங் மாய் ஏற்பாடு. அதில் ஹாங்காங்கையும் சேர்த்துச் சீனாவுக்கு 32 சதவீதம், ஜப்பானுக்கும் சரியாக 32. முதல் இயக்குநர் பதவியைக்கூட ஒரு வருடம் சீனர், அப்புறம் இரண்டு வருடம் ஜப்பானியர் என்று பிரித்துக்கொண்டார்கள். சீனா தளர்ந்தால் அக்கம்பக்கத்து நாடுகளுக்கு என்ன ஆகும் என்று தெரிய இது நல்ல இடம். கறாரான விமர்சனத்துக்கு இங்கே வர வேண்டாம்.

ஆக, சீனாவின் கடன் கணக்கைப் பார்க்க ஐ.எம்.எஃப், மானியக் கணக்கைப் பார்க்க ஓ.இ.சி.டி. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் பாரிஸ் பக்கம்.

இந்தியா ஓ.இ.சி.டி-யிலும் இல்லை, ஆம்ரோவிலும் இல்லை. ஐ.எம்.எஃப் நிர்வாகக் குழுவில் மட்டும் நாற்காலி உண்டு. இலங்கை, வங்கதேசம், பூடானுக்கும் சேர்த்துப் பேசுகிற நாற்காலி அது. சீன அறிக்கை விவாதத்துக்கு வரும்போது, பாரிஸில் எல்லோருக்கும் வெளியிட்ட அந்த வட்டிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்து கேள்வி கேட்க வேண்டும்.