கூகுள் ஸ்காலர் ப்ரொஃபைல்: எண்ணித் தரும், எடைபோடாது

ஒரு ஆய்வாளரின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது அவருடைய கூகுள் ஸ்காலர் பக்கம்தான். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் இந்தச் சேவை 2004 நவம்பரில் வந்தது. ஒருவரின் கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களின் எண்ணிக்கையையும் ஒரே பக்கத்தில் காட்டும் ப்ரொஃபைல் வசதி 2011 நவம்பரில் எல்லோருக்கும் திறந்தது. கட்டணம் இல்லை. தன் வேலைகளை ஒரே இடத்தில் சேர்த்து, யார் எங்கே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பின்தொடர இதைவிட வசதியான சேவை இல்லை. ஆனால் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த இருவரை ஒப்பிட இதிலுள்ள எண்களை எடுத்தால் அநியாயம்தான் நடக்கும்.

முதலில் பலம். மேற்கோள் தரவுத்தளங்களான ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தேர்ந்தெடுத்த ஜர்னல்களையும் மாநாட்டுத் தொகுதிகளையும் மையமாக வைத்து இயங்குபவை. ஸ்காலர் புத்தகங்கள், ஆய்வேடுகள், ப்ரீபிரின்ட்கள் (ஜர்னலில் வருமுன் வெளியிடும் வடிவங்கள்), பல்கலைக்கழக இணையதளங்களில் கிடக்கும் பிடிஎஃப்கள் என எல்லாவற்றையும் வாரிக்கொள்கிறது. வரலாறு, இலக்கியம், மொழியியல் போன்ற துறைகளில் முக்கியமான வேலை புத்தகமாகவே வருவதால் அவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மாநாட்டுக் கட்டுரைகளை நம்பியிருக்கும் கணினி அறிவியலுக்கும் அப்படித்தான். இதே காரணத்தால்தான் ஒரே ஆளின் மேற்கோள் எண்ணிக்கை ஸ்காலரில் ஸ்கோபஸைவிட வழக்கமாகக் கூடுதலாக இருக்கும். ஒருவருக்கு இதையும் இன்னொருவருக்கு அதையும் எடுத்து ஒரே அட்டவணையில் போடக் கூடாது.

பராமரிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ப்ரொஃபைல் தொடங்கியதும் கூட்டல் குறி மெனுவில் கட்டுரைகள் தானாகச் சேர வேண்டுமா, மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர வேண்டுமா என்று தேர்வு செய்யும் இடம் இருக்கிறது. இனிஷியலும் பொதுவான பெயரும் உள்ளவர்கள் கட்டாயம் இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் அதே பெயருள்ள மருத்துவரின் கட்டுரை இயற்பியலாளரின் பட்டியலில் உட்கார்ந்துவிடும். பார்க்கிறவர்கள் அதைப் பிழை என்று நினைக்க மாட்டார்கள், மோசடி என்றுதான் நினைப்பார்கள்.

அடுத்தது இரட்டைப் பதிவு. ப்ரீபிரின்ட் ஒன்றாகவும் ஜர்னல் பதிப்பு இன்னொன்றாகவும் நிற்கும்போது மேற்கோள்கள் பிரிந்துபோகும். ஒன்றுக்கு 7, மற்றதற்கு 6 என்றால் ஐ10 கணக்கில் (குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை) இரண்டுமே வராது. இரண்டையும் டிக் செய்து மேலே தோன்றும் மெர்ஜ் (ஒன்றாக்கும்) பொத்தானை அழுத்தி, ஜர்னல் பதிப்பைத் தலைப்பாக வைத்தால் சரியாகிவிடும். இணைத்த பிறகு மேற்கோள் எண் அருகே நட்சத்திரக் குறி வந்தால், அந்த எண்ணில் வேறொரு கட்டுரையின் மேற்கோள்களும் கலந்திருக்கலாம் என்று பொருள். தலைப்பைச் சொடுக்கி உள்ளே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

இனி எண்களுக்கு வருவோம். கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் எச்-இண்டெக்ஸை இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தார். குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இருந்து, 5 பெற்றவை 5 இல்லையென்றால் எச் 4. 25, 8, 5, 4, 3 என்று வாங்கியவருக்கும் எச் 4. 400, 90, 5, 4, 3 என்று வாங்கியவருக்கும் அதே 4. துறையைப் புரட்டிப்போட்ட ஒரு கட்டுரை இதில் காணாமலே போய்விடும். மேலும் இந்த எண் குறையாது, வயதோடு ஏறிக்கொண்டே போகும். தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட மேற்கோள்களை ஸ்காலர் கழிப்பதும் இல்லை. ஸ்கோபஸில் அவற்றை நீக்கிப் பார்க்கலாம்.

துறை வேறுபாடு இன்னும் ஆழமானது. உயிரியலாளர்களின் எச் இயற்பியலாளர்களைவிட உயர்ந்திருப்பதை ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் சுட்டியிருக்கிறார். கணிதக் கட்டுரையின் மேற்கோள் பட்டியல் பொதுவாகச் சிறியது, ஒரு நல்ல முடிவு கவனம் பெறப் பல ஆண்டுகள் ஆகும். உயிர்மருத்துவத்தில் பட்டியல் நீளம், வேகமும் அதிகம். துகள் இயற்பியலில் 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,000க்கும் மேல். அதன் மேற்கோள் ஒவ்வொன்றும் அத்தனை பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். கணிதத்திலும் பொருளாதாரத்திலும் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் போடும் வழக்கம் பரவலாக இருப்பதால், முதல் பெயருக்குத் தனி மதிப்பெண் கொடுக்கும் தேர்வுக் குழு அங்கே பங்களிப்பை அல்ல, பெயரின் முதல் எழுத்தைத்தான் அளக்கிறது.

துறை தாண்டி ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் துறைவாரியாகச் சமன்செய்த அளவு வேண்டும். ஸ்காலரில் அது கிடையாது. ஸ்கோபஸ் தரவிலிருந்து வரும் எஃப்டபிள்யூசிஐ (துறைவாரியாகச் சமன்செய்த மேற்கோள் அளவு) ஒரு கட்டுரையை அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிடுகிறது. 1 என்றால் உலகச் சராசரி, 1.5 என்றால் 50 சதவீதம் கூடுதல். இதையும் கண்மூடி நம்ப முடியாது. பத்துக் கட்டுரைகளில் ஒன்பது 0.5 வாங்கி, ஒன்று மட்டும் 40 வாங்கினால் சராசரி 4.45. இடைநிலை மதிப்போ 0.5தான். ஆகவே, சில கட்டுரைகளே உள்ள இளம் ஆய்வாளருக்குச் சராசரியைக் காட்டாமல், ஒவ்வொரு கட்டுரையும் தன் துறையில் எந்தச் சதமானத்தில் (நூற்றுக்கு எத்தனை கட்டுரைகளை முந்தி) நிற்கிறது என்று காட்டுவதே நியாயம். 2022இல் வந்த ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளம் இத்தகைய தரவை இலவசமாகத் தருகிறது. ஒரே பெயருள்ளவர்களைப் பிரிப்பதில் அதுவும் தடுமாறுவதால், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்கும் 16 இலக்க ஆர்சிட் அடையாள எண்ணை வைத்துச் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

விண்ணப்பத்தில் எண் கேட்டால் வெறும் எச் 14 என்று எழுதாதீர்கள். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் எடுத்தது, சுய மேற்கோள் சேர்ந்ததா, முதல் கட்டுரை எந்த ஆண்டு என்ற நான்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதற்குக் கீழே உங்களுடைய சிறந்த மூன்று வேலைகளுக்குத் தலா இரண்டு வரி: என்ன கண்டுபிடித்தீர்கள், அதை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள்.