ஐசொலேஷன் சர்க்கியூட் என்று சொல்லி ஒரு பச்சை எல்ஈடியை என் தலையில் கட்டினார்கள்

பழைய ஈக்குவடோரியல் மவுண்ட் (வானம் சுழலும் போக்கில் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி) வைத்திருக்கிறவர்களிடம் யாராவது "ஆட்டோகைடர் போர்ட் போட்டுத் தர்றோம்" (கேமராவே நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்துவதற்கான சொருகுவாய்) என்று சொன்னால், காசைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது கம்ப்யூட்டர் வாசனையே படாத மவுண்ட். ஆர்.ஏ. (கிழக்கு-மேற்கு) அச்சில் மின் அலைவெண்ணுக்கு ஏற்ற வேகத்தில் ஓடும் சிங்க்ரனஸ் மோட்டார், அந்த அலைவெண்ணைக் கூட்டிக் குறைத்து அதை ஓட்ட ஒரு டிரைவ் கரெக்டர், கையில் நான்கு பட்டன் வைத்த ஒரு பெட்டி. மேற்குப் பட்டனை அழுத்தினால் அலைவெண் ஏறி மோட்டார் முந்தும், கிழக்கை அழுத்தினால் பிந்தும். அச்சைத் திருப்பும் வோர்ம் சக்கரத்துக்கு 180 பல். வோர்ம் என்ற திருகு ஒரு சுற்றுக்கு ஒரு பல் தள்ளும், சக்கரம் முழுதாகச் சுற்ற ஏறக்குறைய ஒரு நாள். அதனால் வோர்ம் ஒரு சுற்று வர ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும். வோர்மில் உள்ள சின்னப் பிசகால் அந்த 8 நிமிடத்துக்குள் நட்சத்திரம் ஒருமுறை முன்னே போய்ப் பின்னே வரும். குறுக்குக்கோடு போட்ட ஐபீஸில் கண்ணை வைத்து, கையாலேயே அதைச் சரிக்கட்டிப் பல வருடம் படம் எடுத்தாயிற்று. இப்போது கழுத்து ஒத்துழைக்கவில்லை.

தொலைநோக்கி சர்வீஸ் செய்கிற ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்தேன். "ரெண்டு நாள் வேலை சார். உள்ளே ஐசொலேஷன் சர்க்கியூட் வச்சுடுவோம். சொருகினா ஓடும்" என்றார். கேமராவையும் பெட்டியையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் அந்தச் சர்க்கியூட்டுக்குத் தனிக் காசும் வாங்கிக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்: பட்டன்களுக்குப் பொதுவாக வருவது கிரவுண்டா, பாசிட்டிவா என்று அவர் கேட்கவேயில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தபோதும், "எல்லாம் ஸ்டாண்டர்டுதான் சார்" என்று முடித்துவிட்டார்.

பெட்டி திரும்பி வந்தது. போர்ட் அழகாகப் பொருத்தியிருந்தார்கள், பக்கத்தில் ஒரு பச்சை எல்ஈடி. (இருட்டுக்குக் கண் பழக வேண்டுமென்று சிவப்பு விளக்கோடு அலைகிறவனுக்குப் பச்சை எல்ஈடி!) கூடக் கொடுத்த கேபிளின் பிளக்கைப் பார்த்தேன். ஆறு பள்ளத்தில் நடுவில் நான்கில்தான் பித்தளைத் தகடு. சாதாரண டெலிபோன் ஒயர். எஸ்டி-4 என்ற இந்த வகை ஆட்டோகைடர் போர்ட்டின் ஆறு முனையில் 2 பொது, 3-ம் 6-ம் ஆர்.ஏ., 4-ம் 5-ம் டெக் (வடக்கு-தெற்கு). 6 இல்லையென்றால் ஆர்.ஏ.வில் ஒரு திசையே கிடையாது. போன் செய்தால், "அது போதும் சார்".

நானே ஆறு ஒயர் கேபிள் ஒன்று தேடிப் பிடித்தேன். டெலிபோன் கேபிளில் இரு முனையும் வழக்கமாக ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும், இதற்கு நேர்க்கேபிள் வேண்டும். அதையும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்கும் கைடு கேமராவுக்கும் நடுவில் சொருகினேன். மென்பொருளை இன்னும் திறக்கவேயில்லை. மோட்டாரின் முணுமுணுப்புச் சுருதி சட்டென்று ஏறியது. யாரோ மேற்குப் பட்டனை அமுக்கிப் பிடித்த மாதிரி. பிடுங்கினேன், பழையபடி ஆனது. கேமராவில் ஏதோ செட்டிங் என்று நினைத்து மறுபடி சொருகிய முட்டாள்தனம் என்னுடையது. அதற்குப் பிறகு கேமராவின் கைடு போர்ட்டில் டெக் ஒரு திசை நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. யூஎஸ்பி வழியே படம் மட்டும் ஒழுங்காக வருகிறது.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். போர்ட்டிலிருந்து ஐந்து ஒயர் நேராகப் பட்டன்களின் காலுக்குப் போகிறது. பக்கத்தில் சூடான பசையில் ஒட்டிய ஒரு துண்டு பெர்ஃப்போர்டு, அதில் ஒரு ரெசிஸ்டர், அந்த எல்ஈடி. அவ்வளவுதான் ஐசொலேஷன் சர்க்கியூட். ஒளி வழியே சைகை கடத்தும் ஆப்டோகப்ளரும் இல்லை, காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேவும் இல்லை.

மீட்டரை வைத்ததும் விஷயம் புரிந்தது. என் பெட்டியில் பட்டன்களுக்குப் பொதுவாக வருவது +12 வோல்ட். கேமராவின் கைடு போர்ட்டோ பொது கிரவுண்டு என்று நம்பிச் செய்தது. அதற்குள் இருக்கும் ஃபோட்டோ டிரான்சிஸ்டர் (ஒளி பட்டால் கடத்தும் பாகம்) ஒரு திசையில் மட்டுமே சுவிட்ச். திருப்பிப் போட்டால் 6, 7 வோல்ட் வரைதான் சாதாரண வகை தாங்கும். 12 வந்தால் யாரும் சொல்லாமலே கடத்த ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரவும் கூடும்.

அவரிடம் சொன்னேன். முதலில் "கேமரா கோளாறு". அப்புறம் "நீங்க கேபிளை மாத்தினதாலதான்". படத்தை அனுப்பியதும், "பெட்டியைத் திறந்துட்டீங்க, இனி வாரண்டி கிடையாது". கடைசியாக, "இந்தக் காலத்துல யார் சார் இதை வச்சிருக்கா, கம்ப்யூட்டர்ல ஓடுற கோ-டூ மவுண்ட்டா மாத்திக்குங்க, பழசை நாங்களே எடுத்துக்கறோம்". காசு இன்றுவரை திரும்பவில்லை.

உங்களுடையதைக் கொடுப்பதாக இருந்தால், முதலில் பட்டனின் பொதுக்காலுக்கும் பெட்டியின் கிரவுண்டுக்கும் நடுவில் வோல்ட் அளந்து எழுதி வையுங்கள். டெக் மோட்டார் டிசி வகையாக இருந்து, முனை மாற்றித்தான் திசை மாறுகிறது என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குச் சும்மா நாலு தொடர்பு பத்தாது, சேஞ்ச்ஓவர் ரிலே வேண்டும். பெட்டி கைக்கு வந்ததும், கேமராவைச் சொருகாமல், பவர் கொடுத்துப் போர்ட்டின் 2-க்கும் மற்ற நான்குக்கும் நடுவில் மறுபடி அளந்து பாருங்கள்.

நான் இப்போது நான்கு சின்ன ரிலேவைத் தனி 5 வோல்ட்டில் ஓட்டி, அவற்றின் தொடர்பைப் பட்டன்களுக்குக் குறுக்கே போட்டிருக்கிறேன். காயிலுக்கு ஒரு டையோடு. ரிலே தொடர்புக்கு பிளஸ், மைனஸ் பேதம் இல்லை. கேமரா போர்ட் செத்ததால் கட்டளைக்குத் தனியாக ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்க வேண்டியதாயிற்று. திருத்தம் போகும்போதெல்லாம் இருட்டில் டிக், டிக் என்று கேட்கிறது.