லினக்ஸ் கணினியில் ஓடிடியா, ப்ளூ-ரேயா?

டிவியில் படம் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. கோடு எழுதும் அதே லினக்ஸ் கணினியில் படமும் பார்க்க நினைக்கும் டெவலப்பருக்குத்தான் தலைவலி.

4கே திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் லினக்ஸ் பிரவுசரில் 4கே வராது. நெட் வேகத்தையோ கிராஃபிக்ஸ் கார்டையோ குறை சொல்லிப் பயனில்லை. அங்கே குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இருப்பது வைட்வைன் எல்3, அதாவது படத்தை நகலெடுக்காமல் பூட்டிவைக்கும் கூகுளின் வைட்வைன் முறையில் கீழ்மட்டம். அதில் பூட்டு மென்பொருளிலேயே அவிழ்கிறது. வன்பொருளுக்குள் அவிழும் எல்1 இருந்தால்தான் பெரிய தளங்கள் முழுத் தரம் தருகின்றன. பிரவுசர் தளத்திடம் தன்னை அறிமுகப்படுத்தும் யூசர்-ஏஜென்ட்டை விண்டோஸ் என்று மாற்றினாலும் எல்3 எல்1 ஆகிவிடாது.

தரத்திலும் இடைவெளி பெரிது. 4கேக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ். சாதாரண ப்ளூ-ரே டிஸ்க்கிலோ 1080பி வீடியோவுக்கே 40 எம்பிபிஎஸ் வரை இடமுண்டு. புகை, மழை, இருட்டு வரும் காட்சிகளில் ஓடிடி படம் கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும்.

அதற்காக டிஸ்க் சுலபம் என்று சொல்லமாட்டேன். 4கே டிஸ்க்கைக் கணினியில் முறைப்படி ஓட்ட இன்டெல் சிப்பில் உள்ள எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பிலிருந்து இன்டெல் அதையே தூக்கிவிட்டது. காசு கொடுத்துப் புதுக் கணினி வாங்கியவருக்கு இப்படி ஒரு பரிசு! மிச்சமிருக்கும் வழி, லிப்ரேடிரைவ் (டிஸ்க்கின் தரவை டிரைவ் தடையின்றி அப்படியே தரும் முறை) ஆதரவுள்ள டிரைவில் மேக்எம்கேவி என்ற மென்பொருள் கொண்டு எம்கேவி வீடியோ கோப்பாக எடுப்பது. டிரைவின் மாடல் மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அதற்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிப்பையும் பாருங்கள். புதிய ஃபர்ம்வேர் அந்த வழியை அடைத்திருக்கலாம். பூட்டை அவிழ்ப்பது பற்றி இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு பேசுகிறது, அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பாதியில் டிரைவின் இணைப்பு அறுந்துபோனால் டிஸ்க்கைத் துடைக்கும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லியாம்பியர். சுழலத் தொடங்கும்போது ஸ்லிம் டிரைவுக்கு அது போதாது. தனி அடாப்டர் உள்ள ஹப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு 1080பி படம் சுமார் 30 ஜிபி என்றால் 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் 130 படம் அடங்கும். ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளைப் போட்டால் வீடு முழுக்கப் பார்க்கலாம். சிக்கல் சப்டைட்டிலில்தான். ப்ளூ-ரேயின் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. அதைக் காட்டத் தெரியாத பிளேயர் கேட்டால், சர்வர் முழு வீடியோவையும் மறுபடி என்கோடு செய்து (சுருக்கி வடிவமைத்து) அதன்மேல் எழுதித் தரும். ராஸ்பெர்ரி பை 5 என்ற குட்டிக் கணினியில் வன்பொருள் என்கோடரே கிடையாது, அதனால் அங்கே படம் திக்கித் திக்கித்தான் ஓடும். 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருளில் ஓசிஆர் செய்து, அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படிக்கவைத்து, எஸ்ஆர்டி என்ற எழுத்துக் கோப்பாகப் பக்கத்தில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒருமுறை பார்த்து மறக்கும் தொடர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, ஓடிடியே போதும்.